பாட்டியாரின் கணக்கு நோட்டு

(நம் சங்கத்தின் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)



பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்து முடித்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாங்கள் என்றால் மசாலாக் கடை வைத்திருக்கும் தகப்பனும், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகளும். நாங்கள் சேர்ந்து ஒரு பழைய நோட்டைப் படித்து முடித்தோம்.

கடையநல்லூர், தென்காசியிலிருந்து வந்த குடும்பங்களில் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கியது உங்களுக்குத் தெரியும். எங்கள் பாட்டியாரும் தஞ்சோங் பகாரில் அப்படி அரைத்து விற்றவர்கள்தான். கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள். எழுதியது அரபுத்தமிழில்.

எங்கள் தந்தையார் மவுத்தாவதற்குச் சில நாள் முன்பு அந்த நோட்டை எடுத்துக் கொடுத்து, “உங்க பாட்டி யாருக்காவது பாக்கி வச்சிருக்காங்களான்னு பாருங்க. என்னால படிக்க முடியல” என்றார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், “மய்யித்துக்குக் கடன் இருந்தால் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்” என்று அறிவிக்கிற சமுதாயம் நாம். அந்தச் சொல்லை ஒதுக்கிவிட முடியவில்லை.

முதலில் எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பார்த்தால் அரபி, ஓதினால் அரபி இல்லை. அரபியில் இல்லாத ‘ப’, ‘ட’, ‘ழ’ போன்ற ஓசைகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். பாட்டியார் அவசரத்தில் பாதிப் புள்ளிகளை விட்டுமிருந்தார்கள்.

வார இறுதி மதரசாவில் ஓதும் மகளுக்கு எழுத்து பிடிபட்டது, பொருள் தெரியவில்லை. தகப்பனுக்குப் பழைய சொற்கள் தெரியும், எழுத்து ஓடவில்லை. ஆகவே மகள் ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமிட்டு வாசிக்க, தகப்பன் கண்ணை மூடிக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். இஷாவுக்குப் பிறகு தினமும் கால் மணி நேரம். முதல் வாரம் நாலே வரி.

ஒருநாள் மகள் “அரைக் கட்டி மல்லி” என்று வாசித்துவிட்டு, “மல்லி எப்படி அத்தா கட்டியா இருக்கும்?” என்று கேட்டாள். கிலோ வருவதற்கு முன் சந்தையில் கட்டிக் கணக்குதான், ஒரு கட்டி கிட்டத்தட்ட 600 கிராம் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தகப்பனுக்காகக் காத்திருந்தாள். கடை மூடத் தாமதமானால் கோபம் வேறு!

ஏழு மாதத்தில் முடித்தோம். அடைத்த கணக்கையெல்லாம் பாட்டியார் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். இரண்டு வரிகளில் மட்டும் கோடு இல்லை. ஊறுகாய் போடும் ஓர் அம்மாவுக்கு 12 வெள்ளி. கிணற்றடி வீட்டு மலாய்ப் பாட்டிக்கு 7 வெள்ளி 50 காசு.

ஊறுகாய் அம்மாவை யாரென்று அடையாளம் சொன்னது நம் சங்கத்து மூத்தவர் ஒருவர்தான். அவருடைய பேரன் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். அவர் வாங்க மறுத்தார். மகள் நோட்டை விரித்து, அந்த வரியை விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். அதன் பிறகு அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மலாய்ப் பாட்டியின் குடும்பத்தைத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. இமாமிடம் கேட்டு, அந்தப் பாட்டியின் பெயரில், தொகையைக் கூட்டியே, ஸதகா கொடுத்தோம்.

அன்றிரவு மகள் பேனாவை எடுத்து, “கோடு போடலாமா அத்தா?” என்றாள். பூட்டியின் நோட்டில் பேரனின் பிள்ளை கை வைக்கலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினோம். பிறகு இருவரும் ஆளுக்கு ஒரு கோடு போட்டோம். தந்தையார் அதைப் பார்க்க இல்லை என்பது மட்டுமே குறை.

நம் சங்கம் 50 ஆண்டைத் தொட்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு நோட்டு, ஒரு கடிதம் இருக்கலாம். அரபி என்று நினைத்து மூடி வைத்துவிடாதீர்கள். ஓதத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள்.

நம் முன்னோர்களின் பாரத்தை அல்லாஹ் லேசாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.