பாடலுக்கு உரை கண்ட குரல்



பாடல் யாருக்கு உரியது? எழுதியவர்க்கா, பண்ணமைத்தவர்க்கா, பாடுபவர்க்கா? கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில் இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்குப் பொருத்தமான இசைத்தொகுப்பு ஒன்று உண்டு. அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டு 1956ஆம் ஆண்டில் பாடிய 'கோல் போர்ட்டர் பாடல் நூல்' என்பதே அது. இரண்டு இசைத்தட்டுகள், 32 பாடல்கள்.

கோல் போர்ட்டர் (1891-1964) சொல்லும் இசையும் தாமே யாத்தவர். பிராட்வே அரங்குகளில் நடந்த இசை நாடகங்களுக்காக எழுதியவர். நாடகம் சில மாதங்களில் முடிந்துவிடும். பாடல் மட்டும் பிழைத்துப் பலர் குரலில் உலவும். அவ்வாறு நிலைபெற்றவற்றையே அந்நாட்டார் 'ஸ்டாண்டர்டு' என்பர். நாடகத்துள் இருந்தவரை இன்னார் கூற்று, இன்ன சூழல் என்பது அவையோர்க்குத் தெரியும். நாடகம் மறைந்தபின் கூற்றும் துறையும் இழந்த அகப்பாட்டைப் போல அது தனித்து நிற்கிறது. சங்கப் பாட்டுக்குப் பிற்காலத்தார் துறைக் குறிப்பு எழுதி வைத்தனர். இங்கோ அப்பணியைப் பாடகியின் குரலே செய்தாக வேண்டும்.

ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இத்தொகுப்புக்கும் தொகுப்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் நார்மன் கிரான்ஸ். தாம் புதிதாகத் தொடங்கிய வெர்வ் நிறுவனத்துக்காக, ஒரே ஆசிரியரின் பாடல்களை ஒருங்கே பாடுவிக்கும் திட்டத்தை வகுத்தவர் அவரே. இசைக்குழுவுக்கான அமைப்பை எழுதும் பொறுப்பு 25 வயதே நிரம்பிய படி பிரெக்மன் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

'பிக் பேண்டு' எனப்படும் பெருங்குழுவில் ட்ரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் என மூன்று ஊதுகருவி அணிகள் உண்டு. பியானோ, கிதார், டபுள் பாஸ், டிரம் ஆகியவை தாளத்தையும் அடிச்சுரத்தையும் தாங்கும். இத்தனை கருவிகளும் ஒருசேர முழங்கினால் மனிதக் குரல் எடுபடாது. ஆதலால் அமைப்பாளரின் திறமை முழக்குவதைவிட, எங்கே ஓய்வது என்பதை அறிவதில்தான் இருக்கிறது. சொல் நடக்கும்போது குழு தணிந்து நிற்க வேண்டும்; அடி முடிந்த இடைவெளியில் விடை கூறுவதுபோல் எழ வேண்டும். 'டூ டார்ன் ஹாட்' போன்ற விரைநடைப் பாடல்களில் இவ்வினாவிடை துள்ளுகிறது. மெல்நடைப் பாடல்களில் வயலின் முதலிய நரம்புக் கருவிகளும் சேர்ந்து ஒலி மென்மையாகிறது.

ஃபிட்ஜெரால்டு பொருளற்ற அசைகளைக் கொண்டே கற்பனைச் சுரம் போலப் பாடிக் குவிக்கும் 'ஸ்கேட்' முறையில் ஒப்பற்றவர். அவ்வாற்றலைக் காட்ட 32 பாடல்கள் அவருக்கு வாய்த்திருந்தன. ஆயினும் பெரும்பாலும் அதனை அவர் ஒதுக்கி வைத்தார். மெட்டைச் சிதைக்காமல், சொல்லை விழுங்காமல், ஒவ்வோர் எழுத்தும் துலங்கப் பாடினார். ஒலிப்பதிவைக் கேட்ட போர்ட்டர் முதலில் வியந்தது அவருடைய உச்சரிப்பை என்பர்.

'எவ்ரி டைம் வீ சே குட்பை' என்னும் 1944ஆம் ஆண்டுப் பாடல் பிரிவைப் பற்றியது. பிரியும் கணத்தில் இசை மேஜரிலிருந்து மைனருக்கு மாறுவதாகச் சொல்லும் இடத்தில், பின்னணிச் சுரக்கட்டும் அவ்வாறே மாறிவிடுகிறது. சொன்னதைச் செய்து காட்டும் வரி அது. அவ்விடத்தை அழுத்திப் பாடித் தம் நுட்பத்தை அறிவிக்க எவர்க்கும் ஆசை வரும். ஃபிட்ஜெரால்டு குரலை உயர்த்துவதில்லை. கவிஞர் செய்ததைக் கவிஞரே செய்ததாக விட்டுவிடுகிறார்.

இவ்வடக்கத்தைக் குறையாகச் சொன்னோரும் உளர். பில்லி ஹாலிடேயின் குரலில் உள்ள காயம் இவர் குரலில் இல்லை; எல்லாம் தெளிவு, துயரம் இல்லை என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆனால் துயரத்தை அறியாதவர் அல்லர் ஃபிட்ஜெரால்டு. 1917இல் பிறந்தவர், இளமையில் தாயை இழந்தவர், சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்டவர், நியூயார்க்கின் ஹார்லம் தெருக்களில் அலைந்து, 1934இல் அப்பல்லோ அரங்கின் போட்டிமேடையில் வென்று பாடகியானவர். 1955 அக்டோபரில், இனப் பிரிவினையின்றி அனைவரும் கலந்தமரும் நிகழ்ச்சியைக் கிரான்ஸ் ஹூஸ்டன் நகரில் நடத்தியபோது, சூதாட்டக் குற்றம் சாட்டி ஒப்பனை அறைக்குள் காவலர் புகுந்தனர். கைதானோருள் அவரும் ஒருவர். விடுபட்டு வந்து, அன்றிரவே மீண்டும் மேடையேறினார்.

நான்கு மாதங்களுக்குப் பின் இப்பாடல்களைப் பதிவு செய்கிறார். அவற்றுள் 1934ஆம் ஆண்டைச் சேர்ந்த 'மிஸ் ஓட்டிஸ் ரிக்ரெட்ஸ்' ஒன்று. தலைவி இன்று விருந்துக்கு வர இயலாமைக்கு வருந்துகிறார் என்று பணியாள் பணிவோடு தெரிவிக்கும் பாடல் அது. வஞ்சித்த காதலனைத் தலைவி சுட்டதும், கும்பலொன்று சிறையிலிருந்து அவளை இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிலிட்டதும் அதே பணிவான குரலில் வெளிப்படுகின்றன. மேட்டுக்குடியின் நாகரிகத்தைக் கேலி செய்ய எழுந்த பாட்டு. இப்பாடலுக்குப் பெருங்குழு முற்றும் ஓய்ந்துவிடுகிறது. பியானோ மட்டுமே துணை. கும்பல்கள் கறுப்பின மக்களை மரங்களில் தூக்கிலிட்ட நாட்டில், கறுப்பினப் பெண்ணொருத்தி அப்பணியாளின் சொற்களைச் சற்றும் குரல் நடுங்காமல் பாடுகிறாள். போர்ட்டர் எழுதியதில் ஓரெழுத்தும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. வேடிக்கைக்கு அடியில் கிடந்த கொடுமை மேலே வந்துவிட்டது. விம்மிப் பாடியிருந்தால் அது பாடகியின் துயரமாக முடிந்திருக்கும். விம்மாமையால் கேட்பவரின் குற்றவுணர்வாகிறது.

மூலத்தைத் திருத்தாமலே அதற்குள் இருந்த பொருளைக் காட்டுவது உரையாசிரியர் தொழில். பரிமேலழகர் குறளில் ஒரு சீரையும் மாற்றியவர் அல்லர். எனினும் அவரைப் படித்தபின் குறள் பழைய குறளாக இருப்பதில்லை. ஃபிட்ஜெரால்டு குரலால் உரை செய்தவர்.

இவ்வரிசை 1964 வரை எட்டுப் பாடல் நூல்களாக வளர்ந்தது. 1957இல் கறுப்பின மேதை டியூக் எல்லிங்டனின் படைப்புகள், அவருடைய இசைக்குழுவே உடனிருந்து இசைக்க, இவ்வரிசையில் இடம்பெற்றன. பிராட்வே ஆசிரியர்களோடு அவரையும் ஒரே நிரலில் அமர்த்தியது அத்தொகை. யார் பாடத்தக்கவர் என்பது மட்டுமன்றி, யார் தொகுக்கப்படத் தக்கவர் என்பதும் அங்கே விடை பெற்றது. 1996இல் ஃபிட்ஜெரால்டு மறைந்தபின்னும் அவ்விடை மாறவில்லை.

பாடல் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு இத்தொகுப்பு தரும் விடை இதுவே: எழுதியவர் பெயரால் அது வழங்கும், தன்னை முன்னிறுத்தாமல் அதன் ஒவ்வொரு சொல்லையும் காப்பவரால் அது வாழும்.