மனோராவுக்கு எட்டு மாடி, மன்னார்குடிக்கு?



மல்லிப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் மனோராவைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போய்க் காட்டுகிற இடம். எட்டு மாடி. எதற்காகக் கட்டினார்கள்? ஐரோப்பாவில் நெப்போலியனை வெள்ளைக்காரன் ஜெயித்தானாம்; அதைக் கொண்டாட 1814-15இல் நம் சரபோஜி மன்னர் எழுப்பிய நினைவுச் சின்னம் அது! 1799இல் அவரிடம் ராஜ்யத்தை எழுதி வாங்கிக்கொண்டு, தஞ்சைக் கோட்டையையும் ஒரு படித்தொகையையும் விட்டுவைத்ததே அந்த வெள்ளைக்காரனின் கிழக்கிந்தியக் கம்பெனிதான். பறித்தவன் வெற்றிக்குப் பறிகொடுத்தவர் செலவு! சரஸ்வதி மகால் நூலகத்துக்காக அவரைக் கும்பிடுகிறேன். இதற்காகக் கும்பிட மாட்டேன்.

சரி, நம் கதைக்கு வருவோம். 1944 டிசம்பரில் இதே மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. பண்ணையாளைச் சவுக்கால் அடிக்கக் கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்று மிராசுதார்கள் ஒத்துக்கொண்டார்கள். சாணியைக் கரைத்து மனுஷன் வாயில் ஊற்றாதே என்று சொல்வதற்கு ஒப்பந்தம் வேண்டியிருந்ததய்யா, இந்தச் சோழவளநாட்டில்! நெல் விளைந்த கதையைப் பாடாத புலவன் இல்லை. விளைவித்தவன் முதுகைப் பார்த்தவன் எத்தனை பேர்? கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் பார்த்தார். சேரிக்குள் போனார், அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே படுத்தார், செங்கொடியின் கீழ்ச் சங்கம் கட்டினார். ஒப்பந்தம் ஆகி எட்டு வருஷம் கழித்து, 1952இல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

வேதாரண்யம் போனால் 1930இல் ராஜாஜி உப்பு அள்ளியதற்கு அகஸ்தியம்பள்ளியில் தூண் நிற்கிறது. நிற்கட்டும், தகும். தாராசுரம் கோயிலுக்குப் பலகை வழி காட்டுகிறது. காட்டட்டும். சவுக்கு கீழே விழுந்த ஊருக்கும் அரசாங்கச் செலவில் ஒரு கல் வேண்டும் என்கிறேன். என்ன தப்பு?

கீழ்வெண்மணிக்கு வாருங்கள். 1968 டிசம்பர் 25. வயலில் உழைத்தவர்கள் கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழங்கள். 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! அங்கே நினைவிடம் இருக்கிறது. அது செங்கொடி இயக்கம் எழுப்பியது. ஒரு கட்சியின் துக்கமாக அதை ஒதுக்கிவிட்டு அரசாங்கம் கையைக் கட்டிக்கொள்ள முடியுமா?

"பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்? ஊர்ப் பெயர் கெட்டுப்போகும்" என்று சிலர் சொல்கிறார்கள். கொளுத்தியபோது கெடாத பெயர், கல்லில் எழுதினால் கெட்டுவிடுமா? இப்படிச் சொல்கிறவர்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா படம் மாலையோடு தொங்குகிறது. செத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் தாத்தா உண்டு!

கூலிக்காரன் பெயரைக் கல்லில் வெட்டுவது மரபில்லை என்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகட்டும். ராஜராஜன் என்ன செய்தான்? தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, இன்ன பெயர், இன்ன தெரு, இன்ன வீடு, இவ்வளவு நெல் என்று வெட்டிவைத்தான். ஆடிய பெண்களின் முகவரி ஆயிரம் ஆண்டாகச் சுவரில் இருக்கிறது. அவனைப் போற்றிச் சதயவிழாவில் மேடை போடுகிற நாம், நாற்று நட்டவளின் பெயரைத் தார்ச்சாலை ஓரத்தில்கூட எழுத மாட்டோமா?

அமைச்சரிடம் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். மே முதல் நாள் கிராமசபை கூடும். சட்டம் கொடுத்த சபை அது. இன்ன இடத்தில், இன்ன பெயர்களோடு, நெடுஞ்சாலையிலிருந்து கண்ணில் படுகிற மாதிரி கல் நட வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். கிழவர்களைக் கேட்டுப் பெயர்களை இப்போதே குறித்துவையுங்கள். படித்த பிள்ளைகள் அந்த வேலையை நாளைக்கே தொடங்க வேண்டும்!