மூழ்குவோர் மறக்கும் கடைசி நாள்



வெனிசுலாவுக்கு வடக்கே, கரீபியன் கடலில் உள்ள சிறு தீவு பொனேர். 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. பெரும்பாலான பொருள்கள் கப்பலேறி வருவதால் விலை கடுமை. ஆயினும் கடலாழம் காண விழைவோர்க்கு அங்கே படகுக்கூலி தேவையில்லை. பவளப்பாறை கரையோரமே தொடங்குகிறது. மூழ்குமிடங்களைச் சாலையோர மஞ்சள் கற்கள் காட்டும். வாடகை வண்டியும் காற்றுச் சிலிண்டர்களும் போதும். தீவைச் சூழ்ந்த கடல் 1979 முதல் காப்பகம். அதற்குரிய கட்டணத்தில் மட்டும் சிக்கனம் அழகன்று.

திட்டமிடுவோர் பலர் மறப்பது கடைசி நாளை. மூழ்கி எழுந்தவுடன் விமானம் ஏறலாகாது. உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உயிருக்கே ஊறு செய்யும். 18 மணி நேரமேனும், இயன்றால் முழு நாளும், தரையில் கழிய வேண்டும்.

அந்நாளைத் தென்கரை உப்பளங்களுக்கு ஒதுக்குவது நன்று. 1850 அளவில் எழுந்த அடிமைகளின் கற்குடில்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. வாயில் இடுப்பளவே, குனிந்துதான் நுழைய வேண்டும். வார இறுதியில் மனைவி மக்களைக் காண, ரின்கோன் ஊர்வரை ஏழு மணி நேரம் நடந்தார்கள். விடுதலை வந்தது 1863இல்.

அக்குடில்களின் எதிரேயும் ஒரு மஞ்சள் கல் உண்டு.