கொல்கத்தாவின் சதுப்பு நிலங்களும் புவி வெப்பமும்

தொழிற் புரட்சிக்கு முந்தைய நிலையைவிடப் புவியின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது என ஐ.நா. பருவநிலை மாற்ற நிபுணர் குழு 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. கடல்நீர் வெப்பமடையும்போது புயல்கள் வலுப்பெறுகின்றன. 2020 மே 20 அன்று தாக்கிய அம்பன் புயல் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின.

வெப்பத்தைத் தணிக்கும் வழியொன்று இம்மாநகரின் கிழக்கு எல்லையிலேயே உள்ளது. அங்கு சுமார் 12,500 ஹெக்டேரில் பரந்துள்ள சதுப்பு நிலப் பகுதிக்குக் கால்வாய்கள் வழியே நகரின் கழிவுநீர் செல்கிறது. ஆழமற்ற குளங்களில் சூரிய ஒளியால் பாசி வளர்ந்து பிராணவாயுவை வெளியிடுகிறது. அதனால் கழிவு மக்குகிறது. பாசி மீனுக்கு உணவாகிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. மின்சாரத்தைக் கொண்டு சுத்திகரிப்பு நிலையம் செய்யும் பணியை இங்குச் சூரியனும் மீன் வளர்ப்போரும் செய்கின்றனர். அந்த மின்சாரத்திற்காக நிலக்கரியை எரிக்க வேண்டியதில்லை. மழைவெள்ளத்தைத் தாங்கும் வடிகாலும் இதுவே.

2002-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இப்பகுதியைக் காக்க 2006-ஆம் ஆண்டில் மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் ஆக்கிரமிப்பு நின்றபாடில்லை. குளம் தூர்க்கப்படும்போது மனையின் விலை மட்டுமே கணக்கில் ஏறுகிறது. இழந்த சுத்திகரிப்பும் வெள்ளப் பாதுகாப்பும் ஏறுவதில்லை. அவற்றின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிடுவதே சரியான திட்டமிடலாகும்.