கிளட்ச் கேபிள் அறுந்த வேளையில்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உங்கள் காணிக்கையால் மருந்து மட்டுமல்ல, எங்கள் மோட்டார் சைக்கிளும் மலையேறுகிறது. அது நடுவழியில் பழுதானால் என்ன செய்கிறோம் என்று சொல்ல விரும்புகிறோம்.

கொல்லிமலையில் முகாம் முடித்து இருவராக இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் இருந்தவர் மடியில் தடுப்பூசிப் பெட்டி. அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஐஸ் உருகிவிட்டால் மீதியிருந்த மருந்து வீண். செம்மேட்டைத் தாண்டியதும் கிளட்ச் கேபிள் அறுந்துபோயிற்று. கீழே காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள்.

நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். அது ஆபத்து. பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். கேபிள் அறுந்தாலும் கிளட்ச் தட்டுகள் சேர்ந்தே இருக்கும். கியரில் போட்டால் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். ஆகவே எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, வண்டியை மெல்ல உருட்டி, முதல் கியரைத் தட்டினோம். ஒரு குலுக்கலோடு கியர் விழுந்தது. மலை முழுவதும் அதே கியர்தான். ஏறிவரும் பேருந்துக்கு வழிவிட வேண்டியபோதெல்லாம், நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்குத் தட்டினோம். சமவெளியில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று தளர்த்தி, அந்த நொடியில் அடுத்த கியருக்கு மாற்றினோம்.

மருத்துவமனை சேர்ந்தபோது பெட்டியில் ஐஸ் மிச்சமிருந்தது. மறுநாள் பிள்ளைகளுக்கு அந்த மருந்து பயன்பட்டது.

இப்போது எங்கள் வண்டிகளில், ஓடும் கேபிளோடு ஒரு புதுக் கேபிளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். விலை சொற்பம்தான், அதுவும் நீங்கள் கொடுத்தது. எங்கள் பிரயாணங்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.