நோய்க்காலத்தில் கர்ப்பிணிகளின் மனோநிலை

(அம்பத்தூரில் நடந்த சங்கக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி கொரோனாத் தொற்றின் நிமித்தம் தேசமெங்கும் ஊரடங்கு ஏற்பட்டது. அம்பத்தூர், ஆவடி மார்க்கத்து மின்சார ரயில்கள் நின்றன. பூந்தமல்லிச் சாலையில் பஸ்களும் ஓடவில்லை. கர்ப்ப ஸ்திரீகளுக்கு இதனால் நேர்ந்த நஷ்டம் யாதெனில், வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் வழக்கம் தடைப்பட்டதேயாம்.

தாய்வீடு ஆகாரத்திற்கும் ஓய்வுக்கும் மாத்திரம் ஏற்பட்டதன்று. பயத்தை வாய்விட்டுச் சொல்லும் இடமும் அதுவே. அவ்வழி அடைபடவே, பயம் உள்ளேயே தங்கிற்று. பிள்ளைக்குத் தொற்றுமோ, பிரசவத்தன்று வண்டி கிடைக்குமோ என்று உறக்கமிழந்தோர் பலர். அதை வீண் பயமென்று தள்ளுவது தகாது. சாதாரண காலத்திலேயே கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேர் மனோவியாதியால், முக்கியமாய் மனச்சோர்வால், வருந்துகிறார்களென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

ஆகையால், இனியொரு நோய்க்காலம் வந்தால், புகுந்த வீடே தாய்வீடாதல் வேண்டும். புருஷரும் மாமியாரும் தினமும் சற்று நேரம் அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பாராக. துக்கமும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் நீடித்தால் வைத்தியரிடம் கூறவேண்டும். 14416 என்னும் டெலிபோன் எண்ணில் அரசாங்க மனநல ஆலோசனை இலவசமாய்க் கிடைக்கிறது.

‘தைரியமாயிரு’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அருகே உட்கார்வதே தர்மம்.