முத்திரை படத்துக்குள் இருக்கட்டும்

பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் சொந்தமாகப் புகைப்படத் தொழில் தொடங்கக்கூடும். என்ன பெயர், என்ன லோகோ என்ற யோசனை இப்போதே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் புகைப்படக் கலைஞரின் அடையாளம் அவர் காட்டும் நிறத்தில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1854இல் பாரிசில் திஸ்தேரி என்ற புகைப்படக் கலைஞர் காப்புரிமை பெற்ற சிறு படஅட்டைகளில் முன்பக்கம் ஆளின் முகம் இருந்தது. ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் பின்பக்கம் இருந்தன. இன்றோ மணப்பெண்ணின் புடவைக்குக் குறுக்கே பெயரைப் பொறிக்கிறோம். இல்லாவிட்டால் படம் களவு போகும் என்பார்கள். ஆனால் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், படம் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போய்ச் சேரும். உரிமையைக் காப்பது எழுத்தில் உள்ள ஒப்பந்தம். பெயர் ஓரத்தில் சிறியதாக இருந்தால் போதும்.

நிறத்துக்கு வருவோம். வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள 'ஷெர்லி அட்டை'யை வைத்தே கோடாக் ஃபிலிம் நிறுவனம் நெடுங்காலம் நிறத்தைச் சரிபார்த்தது. கரும்பழுப்பை ஃபிலிம் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் முறையிட்டது அது திருந்த ஒரு காரணமாயிற்று என ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். மனிதரின் தோலுக்காக முதலில் திருந்தாத கருவி அது! இன்றும் கேமராவின் தானியங்கி ஒளியளவி எதையும் நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். மலாக்கா சன்னாசிமலைக் கோயிலின் மாசிமகத் திருவிழா உச்சிவெயிலில், பின்னால் வெளிறிய வானம் இருந்தால் காவடி எடுப்பவரின் முகம் இருண்டுவிடும். முகத்தின் மேல் விழும் ஒளியை அளந்து, வெள்ளைச் சமநிலையைக் கையால் நிறுத்துங்கள். நெற்றி விபூதி வெள்ளையாகவும், கன்னம் அதன் சொந்தக் கருமையோடும் நிற்கும்.

வாடிக்கையாளரே வெளுப்பாக்கச் சொல்கிறாரே என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்த ஆசையைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் எல்லாரும் ஒரே ஆயத்த வடிகட்டியைப் போட்டால் எல்லா ஆல்பமும் ஒன்றாகிவிடும். பிறகு விலையைக் குறைப்பதைத் தவிரப் போட்டிக்கு வழி இருக்காது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த கருநிற முகத்தை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். வாய்வார்த்தையைவிட அந்த அச்சு நன்றாக வாதாடும்.

ஆகவே முதலில் உங்கள் மக்களின் நிறத்தைப் பிழையின்றிக் காட்டப் பழகுங்கள். அதோடு இசையும் இரண்டு மூன்று வண்ணங்களைப் பெயரட்டைக்கும் ஆல்பத்துக்கும் எடுத்துக்கொண்டு, அவற்றை அடிக்கடி மாற்றாதீர்கள். லோகோவைக் கடைசியாக வரையுங்கள்.